கடலூரிலிருந்து ஆங்கில இலக்கிய முதுகலைக்கு: எந்த நாடு, யார் பணம், எப்போது

ஆண்டுதோறும் ஐப்பசி மழை பிடிக்கும் நேரத்தில், இளங்கலை ஆங்கிலம் மூன்றாமாண்டு படிப்பவர்களில் இரண்டு மூன்று பேராவது ஆசிரியர் அறைக்கு வந்து ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். வெளிநாட்டில் முதுகலை ஆங்கில இலக்கியம் படிக்க எந்த நாடு நல்லது என்பதுதான் அது. கடலூரில் பாடம் நடத்திவிட்டு மாலையில் எல்லையிலுள்ள முள்ளோடையைத் தாண்டிப் புதுச்சேரிக்கு வீடு திரும்புகிறவன் என்பதால், இரண்டு பக்கத்து மாணவர்களோடும் இதைப் பலமுறை பேசியிருக்கிறேன். நாட்டைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து தொடங்குவதே தவறு என்பது என் கருத்து. செலவை யார் ஏற்பது, வாங்கிவரும் பட்டத்தை எந்த ஊரில் பயன்படுத்துவது என்ற இரண்டுக்கும் விடை தெரிந்துவிட்டால், மிஞ்சும் நாடுகள் ஒன்றோ இரண்டோதான்.

பொறியியல் மாணவருக்கு வீட்டிலும் வங்கியிலும் போடுகிற கணக்கு வேறு. கடன் வாங்கிப் போனாலும் அங்கேயே வேலை கிடைத்துச் சில ஆண்டுகளில் அடைத்துவிடலாம் என்ற நம்பிக்கைக்கு அங்கே கொஞ்சமாவது அடிப்படை உண்டு. இலக்கியத்துக்கு அந்த அடிப்படை இல்லை. பிரிட்டனில் ஓராண்டு முதுகலையை எடுத்துக்கொள்வோம். நல்ல ஆங்கிலத் துறைகளில் வெளிநாட்டு மாணவருக்குக் கட்டணம் பெரும்பாலும் 20,000 முதல் 30,000 பவுண்டு வரை இருக்கும்; ஆக்ஸ்ஃபோர்டு, லண்டன் போன்ற இடங்களில் அதற்கு மேலும் போகும். விசாவுக்காக, லண்டனுக்கு வெளியே படிப்பவர் மாதம் 1,171 பவுண்டு வீதம் ஒன்பது மாதச் செலவைக் கையில் காட்ட வேண்டும். லண்டன் என்றால் மாதம் 1,529. இவை 2025 நவம்பரில் உயர்த்தப்பட்ட தொகைகள். ஆண்டுக்கு 776 பவுண்டு சுகாதாரக் கட்டணம் தனி. கட்டணம் 22,000 பவுண்டு என்றும் ஒரு பவுண்டு 115 ரூபாய் என்றும் வைத்துக்கொண்டால், விமானச் சீட்டு வாங்குவதற்கு முன்பே 38 லட்சம் ரூபாயைத் தொட்டுவிடுகிறது.

வங்கிகளில் 7.5 லட்சம் ரூபாய் வரைதான் பிணை இல்லாமல் கல்விக் கடன் என்பது வழக்கம். அதற்கு மேல் பெரும்பாலும் வீட்டுப் பத்திரத்தையோ நிலத்தையோ வைக்க வேண்டியிருக்கும். 35 லட்சத்தை 10.5 சதவீத வட்டியில் பதினைந்து ஆண்டுகளில் அடைப்பதானால் மாதத் தவணை ஏறத்தாழ 38,700 ரூபாய். பட்டத்தோடு திரும்பி வந்து அரசுக் கலைக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராகச் சேர்ந்தால் கிடைக்கும் மாத ஊதியம் 25,000 ரூபாய், அதுவும் ஆண்டுக்குப் பதினொரு மாதம். இந்த இரண்டு எண்களையும் ஒரே தாளில் எழுதிக் காட்டிய பிறகு, நெல்லிக்குப்பத்திலிருந்து வரும் ஒரு மாணவி சற்று நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, "அப்படியானால் போகவே வேண்டாம் என்கிறீர்களா, சார்?" என்று கேட்டார். அப்படிச் சொல்லவில்லை. கடனில் போக வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். கடனில்லாமல் போகும் வழிகள் இருக்கின்றன, அவற்றின் வேகம்தான் குறைவு.

பிரிட்டனின் வசதிகளையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். நம் மூன்றாண்டு இளங்கலைப் பட்டத்தை அங்கே தயக்கமின்றி ஏற்றுக்கொள்கிறார்கள். கேட்கும் மதிப்பெண் பெரும்பாலும் அறுபதிலிருந்து எழுபது சதவீதத்துக்குள் இருக்கும். படிப்பும் ஓராண்டில் முடிந்துவிடுகிறது; ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் படிப்புகள் ஒன்பதே மாதம். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆவணங்கள் பிரிட்டிஷ் நூலகத்தில் இருப்பதால், காலனியக் கால எழுத்தை ஆராய்கிறவருக்கு லண்டனில் இருப்பதே ஒரு பயன். தேவனாம்பட்டினத்தில் இடிந்து கிடக்கும் செயின்ட் டேவிட் கோட்டையைக் கம்பெனி 1690-இல் வாங்கியதிலிருந்து அங்கே எழுதப்பட்ட கடிதப் போக்குவரத்தைப் பற்றிக் கட்டுரை எழுத நினைக்கும் கடலூர் மாணவருக்கு லண்டனிலும் மூலங்கள் கிடைக்கும்.

ஆனால் அந்த ஓராண்டின் வேகத்தில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது; விளம்பரங்களில் யாரும் இதைச் சொல்வதில்லை. செப்டம்பர் கடைசியில் வகுப்பு தொடங்கும். முனைவர் பட்டத்துக்கும் அதற்கான உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கும் கடைசி நாட்கள் டிசம்பரிலும் ஜனவரியிலும் வந்துவிடும். அதற்குள் அங்குள்ள பேராசிரியர் மாணவரின் ஒரு கட்டுரையைக்கூட முழுதாகப் படித்திருக்க மாட்டார்; பரிந்துரைக் கடிதத்துக்கு மறுபடியும் ஊரிலுள்ள ஆசிரியர்களிடமே வந்து நிற்க வேண்டும். பன்னிரண்டாயிரம் முதல் பதினைந்தாயிரம் சொற்கள் வரையிலான ஆய்வேடு முடிவதோ ஆகஸ்டில். ஆகவே ஓராண்டு முதுகலையை அடுத்த கட்டத்துக்கான படியாகப் பயன்படுத்த நினைப்பவர் நடுவில் ஓராண்டு சும்மா இருக்க நேர்கிறது. படிப்புக்குப் பின் வேலை தேடித் தங்க இரண்டாண்டு விசா இருக்கிறது; 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது பதினெட்டு மாதமாகக் குறைகிறது. அந்தக் காலத்தில் இலக்கியம் படித்தவருக்கு எளிதில் கிடைக்கும் வேலை பெரும்பாலும் இலக்கியத்தோடு தொடர்பில்லாதது.

நம் ஊர்களில் மாடிக்கு மாடி இருக்கும் வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை மையங்கள் இலக்கிய மாணவரையும் பிரிட்டனுக்கே அனுப்ப விரும்புவதன் காரணம் எளிது. மாணவர் சேர்ந்தால் பல்கலைக்கழகம் அவர்களுக்குத் தரகு தருகிறது. தரகு தராத இடங்களின் பெயர் அவர்கள் கையிலிருக்கும் பட்டியலில் இடம்பெறுவதில்லை. நான் இளைஞனாக இருந்தபோது அப்படி ஒரு மையத்தில், ஆங்கிலம் படித்தவன் என்று சொன்ன பிறகும், சந்தை மேலாண்மைப் படிப்பின் சேர்க்கைக் கடிதத்தை எனக்கு வாங்கிக் கொடுத்தார்கள். இலவச ஆலோசனை என்பதன் பொருள் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

உதவித்தொகை கிடைத்தால் பிரிட்டனைப் போல வசதியான இடம் வேறில்லை என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஃபெலிக்ஸ் உதவித்தொகை ஆக்ஸ்ஃபோர்டு, ரெடிங், லண்டனின் சோவாஸ் ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களில் இந்திய மாணவர்களுக்குக் கிடைக்கிறது. முதல் வகுப்புத் தேர்ச்சியும் பொருளாதாரத் தேவையும் பார்க்கிறார்கள். இன்லாக்ஸ் அறக்கட்டளை முப்பது வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கலை, மானுடப் புலப் படிப்புகளுக்கும் உதவுகிறது. ஆக்ஸ்ஃபோர்டில் படிக்க உதவும் ரோட்ஸ் உதவித்தொகையில் இந்தியாவுக்கு ஆண்டுக்கு ஐந்தே இடங்கள். பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகையைப் பெறுவதற்கு 2,800 மணிநேர வேலை அனுபவம், அதாவது ஏறத்தாழ இரண்டாண்டு, கட்டாயம். கல்லூரி முடித்த கையோடு விண்ணப்பிக்க முடியாது. இவை எதற்கும் தேர்வாவோம் என்ற உறுதி யாருக்கும் இல்லை. எனவே கிடைத்தால் போவது, கிடைக்காவிட்டால் அந்த ஆண்டு போகாமல் இருப்பது என்ற முடிவோடு விண்ணப்பிப்பதே புத்திசாலித்தனம். சேர்க்கைக் கடிதம் கைக்கு வந்த பிறகு மனம் கேட்காது, வீட்டுப் பத்திரத்தைத் தேடத் தொடங்கிவிடும். ஆகவே முடிவை அதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும்.

அரசு உதவிகளில் இருபது கிலோமீட்டர் இடைவெளி பெரிய வேறுபாட்டை ஏற்படுத்துகிறது. தமிழ்நாட்டு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வி உதவித்தொகைத் திட்டம் ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறித்தவம் தழுவிய ஆதிதிராவிடர் ஆகியோருக்கானது. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் 36 லட்சம் ரூபாய் வரையிலும், 8 முதல் 12 லட்சம் வரை இருந்தால் 24 லட்சம் வரையிலும் கிடைக்கும். கடலூர் மாணவர் இதற்கு விண்ணப்பிக்கலாம். பாகூரிலோ வில்லியனூரிலோ இருப்பிடச் சான்று வைத்திருப்பவர் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தவர் என்பதால் விண்ணப்பிக்க முடியாது. பட்டியலினத்தவர் உள்ளிட்டோருக்கான மத்திய அரசின் தேசிய அயலக உதவித்தொகை இரு பக்கத்தாருக்கும் பொது. வருமான வரம்பு 8 லட்சம், வயது வரம்பு 35, மொத்தம் 125 இடங்கள். ஆனால் 2022 முதல் அதில் ஒரு நிபந்தனை நுழைந்திருக்கிறது. இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியா சார்ந்த சமூக ஆய்வு ஆகிய தலைப்புகளுக்கு அந்தத் தொகை கிடைக்காது. ஒடுக்கப்பட்ட சமூகத்து மாணவர் வெளிநாட்டில் தலித் எழுத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பை ஆராய இந்தப் பணத்தைப் பயன்படுத்த முடியாது என்பதுதான் இதன் நடைமுறைப் பொருள். இதை நியாயம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஆனாலும் நோக்க அறிக்கை எழுதும்போது விதியை மறந்துவிட முடியாது.

அயர்லாந்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஓராண்டு முதுகலை, பின்பு இரண்டாண்டு தங்கும் அனுமதி, பிரிட்டனைப் போன்றே பாடத்திட்டம். அயர்லாந்து அரசின் பன்னாட்டு மாணவர் உதவித்தொகை அறுபது பேருக்குக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து 10,000 யூரோவும் தருகிறது. ஐரிஷ் எழுத்தாளர்களில் உண்மையான ஈடுபாடு இருந்தால் டப்ளினுக்கும் கால்வேக்கும் விண்ணப்பிக்கலாம். பிரிட்டன் கிடைக்காததற்கு மாற்றாக மட்டும் நினைத்தால் அதே கடன்தான் வேறு நாணயத்தில் வந்து சேரும். ஆஸ்திரேலியாவை இந்த ஒப்பீட்டிலிருந்தே விட்டுவிடுகிறேன். அங்கே மாணவர் விசா விண்ணப்பத்துக்கு மட்டுமே 2,000 ஆஸ்திரேலிய டாலர் கட்ட வேண்டும்.

அமெரிக்காவில் நிலைமை தலைகீழாக இருப்பதை நம் மாணவர்கள் பலரும் அறிவதில்லை. அங்கே முதுகலைக்குப் பெரும்பாலும் பணம் கட்ட வேண்டும். முனைவர் பட்டத்துக்குப் பெரும்பாலும் பணம் தருகிறார்கள். ஐந்தாறு ஆண்டுப் படிப்புக்குக் கட்டணத் தள்ளுபடியோடு வாழ்க்கைச் செலவுக்கான தொகையும் கிடைக்கிறது. கைம்மாறாக முதலாண்டு இளங்கலை மாணவர்களுக்குக் கட்டுரை எழுதக் கற்பிக்க வேண்டும். முதுகலை முடிக்காமலே இளங்கலையிலிருந்து நேராக முனைவர் படிப்பில் சேரவும் இடமுண்டு. சில மாநிலப் பல்கலைக்கழகங்கள் முதுகலைக்கும் கற்பித்தல் உதவியாளர் பணி தருகின்றன. அவை புகழ்பெற்ற ஊர்களில் இருப்பதில்லை என்பதால் நம்மவர் கண்ணில் படுவதில்லை, தேடினால் கிடைக்கும்.

தடைகள் இரண்டு. முதலாவது, பதினாறு ஆண்டுக் கல்வி என்ற எதிர்பார்ப்பு. பள்ளிப் படிப்பு பன்னிரண்டும் இளங்கலை மூன்றும் சேர்ந்தால் பதினைந்துதான் ஆகிறது. பல அமெரிக்க, கனடியப் பல்கலைக்கழகங்கள் அதை ஏற்பதில்லை. இங்கேயும் முள்ளோடை எல்லை குறுக்கே நிற்கிறது. புதுவைப் பல்கலைக்கழகம் 2023-24 கல்வியாண்டு முதல் தன் இணைப்புக் கல்லூரிகளில் நான்காண்டு இளங்கலை முறையைக் கொண்டுவந்துவிட்டது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் மூன்றாண்டே தொடர்கிறது. ஆகவே லாஸ்பேட்டையில் படிக்கும் மாணவர் நான்காம் ஆண்டையும் முடித்துவிட்டு நேரே விண்ணப்பிக்கலாம். கடலூரில் படித்தவர் இங்கேயே முதுகலை முடித்த பிறகுதான் அந்தக் கதவைத் தட்ட முடியும்.

இரண்டாவது தடை, இடங்களின் எண்ணிக்கை. ஓர் ஆங்கிலத் துறை ஆண்டுக்குப் பத்துப் பேரைச் சேர்த்தாலே அதிகம்; அந்தப் பத்தும் குறைந்துகொண்டு வருகிறது. பாஸ்டன் பல்கலைக்கழகம் 2025-26 ஆண்டுக்கு ஆங்கிலம் உள்ளிட்ட பத்துக்கும் மேற்பட்ட துறைகளில் முனைவர் சேர்க்கையை நிறுத்தி வைத்தது. வேறு சில இடங்களும் அதே வழியில் போகின்றன. ஒரு விண்ணப்பத்துக்கு 75 முதல் 125 டாலர் வரை ஆகும் என்பதால் எட்டு இடங்களுக்கு அனுப்பினாலே எழுபதாயிரம் ரூபாய் போய்விடும். கட்டண விலக்கு கேட்டு எழுதினால் சில துறைகள் தருகின்றன. கேட்பதற்கு நம் பிள்ளைகள்தான் கூச்சப்படுகிறார்கள். அமெரிக்க மேற்படிப்புக்கான ஜி.ஆர்.இ. தேர்வில் ஆங்கில இலக்கியப் பாடத்தேர்வு 2021-இல் நிறுத்தப்பட்டுவிட்டது. ஜி.ஆர்.இ. பொதுத் தேர்வையும் பல ஆங்கிலத் துறைகள் கேட்பதில்லை. பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டும் முன் துறையின் இணையப் பக்கத்தை ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது. படித்து முடித்த பின் அமெரிக்காவிலேயே பேராசிரியர் ஆகிவிடலாம் என்ற கனவை மட்டும் நான் ஊக்குவிப்பதில்லை. 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பின் அங்கே ஆங்கிலத் துறையின் நிரந்தரப் பணியிடங்கள் பழைய அளவுக்கு மீளவே இல்லை.

கனடா பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் நடுவில் நிற்கிறது. முதுகலைக்கே ஓரளவு உதவித்தொகையும் கற்பித்தல் பணியும் தரும் துறைகள் உண்டு. முதுகலை முடித்தவர் மூன்றாண்டு வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் மாணவர் அனுமதி விதிகள் 2024-இலிருந்து அடிக்கடி மாறிவருவதால், போன ஆண்டு போனவரிடம் கேட்ட தகவலை நம்பி இந்த ஆண்டு இறங்கக் கூடாது.

ஜெர்மனியில் ஆங்கில இலக்கியமா என்று கேட்கிறவர்கள்தான் அதிகம். எங்கள் மாணவர்களில் வசதி நடுத்தரமாக உள்ளவர்களுக்கு நான் முதலில் சொல்வது அந்த நாட்டைத்தான். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. பருவந்தோறும் ஒரு சிறு தொகை கட்டினால் போதும். பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலத்தில் மட்டும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர் பருவத்துக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். விசாவுக்காக முடக்கப்பட்ட கணக்கில் 11,904 யூரோ போட வேண்டும். ஒரு யூரோ நூறு ரூபாய் என்றால் பன்னிரண்டு லட்சம். இந்தப் பணம் கட்டணமாகப் போய்விடுவதில்லை, மாதம் 992 யூரோவாக நம் கைக்கே திரும்பி வருகிறது. ஆண்டுக்கு 140 முழு நாட்கள் வேலை செய்யலாம் என்பதால் இரண்டாம் ஆண்டுச் செலவில் ஒரு பகுதியையாவது அங்கேயே ஈட்டிக்கொள்ள முடிகிறது. போட்ஸ்டாம் பல்கலைக்கழகத்திலும் முன்ஸ்டர் பல்கலைக்கழகத்திலும் ஆங்கில மொழி இலக்கியங்களைக் காலனியம், நவீனம், நாடுகளுக்கிடையிலான உறவு என்ற கோணங்களில் ஆங்கிலத்திலேயே படிக்கும் முதுகலைகள் இருக்கின்றன. ஹாலே நகரின் பிராங்கே அறநிறுவனத்தில் தரங்கம்பாடி மிஷனரிகளின் ஆவணக் காப்பகம் இருக்கிறது. சீகன்பால்குவில் ஆர்வமுள்ள நம் ஊர் மாணவருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

குறைகளும் உண்டு. 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்களுக்கு, கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ் கட்டாயம், அதற்கு 18,000 ரூபாய் கட்டணமும் சில வாரக் காத்திருப்பும் ஆகும். இளங்கலையில் ஆங்கிலப் பாடங்களுக்கு எத்தனை மதிப்பலகு (கிரெடிட்) என்று எண்ணிப் பார்ப்பார்கள். மொழிப்பாடம், துணைப்பாடம் என்று நம் பாடத்திட்டம் பிரிந்துகிடப்பதால் சிலருக்கு அது குறைந்துபோகிறது. வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தாலும் கடைத்தெருவும் வீட்டு உரிமையாளரும் ஜெர்மனில்தான் பேசுவார்கள். இரண்டாண்டுப் படிப்பு பெரும்பாலும் இரண்டாண்டில் முடிவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஓராண்டுக்குள் முடித்தாக வேண்டும் என்ற நெருக்கடி இல்லாத படிப்பில் மாணவர் ஒரு பொருளை ஊறப்போட்டுச் சிந்திக்க முடிகிறது. இலக்கியத்துக்கு அது முக்கியம் என்று நினைக்கிறேன்.

பிரான்ஸ் புதுச்சேரிக்காரர்களுக்கென்றே ஒதுக்கி வைத்தது போன்ற ஒரு வழி. ஆனால் புதுச்சேரிக்காரர்களே அதை ஆங்கில இலக்கியத்தோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. பிரெஞ்சு அரசுப் பல்கலைக்கழகங்களில் முதுகலைக்கு வெளிநாட்டவர் கட்டணம் ஆண்டுக்குச் சுமார் 3,900 யூரோ. பல பல்கலைக்கழகங்கள் அதிலிருந்தும் முழுமையாகவோ பகுதியாகவோ விலக்கு தருகின்றன. 1962-இல் ஒப்படைப்பு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள், சொல்தா (பிரெஞ்சுப் படைவீரர்) வீட்டுப் பிள்ளைகள் என்று நாம் சொல்பவர்கள், பிரான்ஸ் நாட்டவருக்கான 250 யூரோ அளவிலான கட்டணத்திலேயே படிக்கலாம். ஆங்கிலவியல் என்ற பெயரில் அங்கே நடக்கும் முதுகலையில் ஷேக்ஸ்பியர் முதல் காலனியத்துக்குப் பிந்தைய நாவல் வரை ஆங்கிலத்தில் பாடம் இருக்கும். நிர்வாகமும் கலந்துரையாடலும் சில பாடங்களும் பிரெஞ்சில் இருப்பதால் பி-2 நிலை பிரெஞ்சு இல்லாமல் போனால் திண்டாட வேண்டியதுதான். அலியான்ஸ் பிரான்சேஸில் ஈராண்டு மூன்றாண்டு மாலை வகுப்புக்குப் போய் டெல்ஃப் என்னும் பிரெஞ்சு மொழித் தேர்வு எழுதத் தயாராக இருப்பவருக்கு இது குறைந்த செலவில் கிடைக்கும் நல்ல படிப்பு. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு 1904-இலிருந்து 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வந்தது. தமிழில் எழுதிய, பிரெஞ்சுக்காரர்களின் துபாஷியை (மொழிபெயர்ப்பாளரை) ஆங்கிலேய அரசு மொழிபெயர்த்த அந்த முக்கோணத்தை ஆராயும் தகுதி, மூன்று மொழியும் தெரிந்த புதுச்சேரி மாணவருக்கு இருப்பதுபோல் லண்டன் மாணவருக்கு இருக்காது. மாதம் 1,400 யூரோ தரும், ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் கூட்டு முதுகலைகளில் இலக்கியம் சார்ந்தவை சிலவே; அவற்றுக்கும் இன்னொரு ஐரோப்பிய மொழி தெரிந்திருந்தால் கை ஓங்கும்.

இனி, வெளிநாட்டுப் பட்டியலில் யாரும் சேர்க்காத ஒரு வழி: முதுகலையை இங்கேயே முடித்துவிட்டுப் பிறகு விண்ணப்பிப்பது. காலாப்பட்டிலுள்ள புதுவைப் பல்கலைக்கழகமோ ஹைதராபாத்தின் ஆங்கில, அயல்மொழிப் பல்கலைக்கழகமோ கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் லாஸ்பேட்டை அரசு முதுகலை நிறுவனமோ சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகமோ போதும். வெளிநாட்டில் ஒரு மாத வாடகைக்கு ஆகும் தொகையில் இங்கே அரசு நிறுவனத்தில் ஒரு பருவம் முழுதும் படித்துவிடலாம். இரண்டாண்டு வீணாகிறதே என்பதுதான் மாணவர்களின் வருத்தம். அந்த இரண்டாண்டு பதினாறு ஆண்டு என்ற தடையை நீக்குகிறது, கல்லூரி ஆசிரியர் பணிக்கான நெட் தகுதித் தேர்வை எழுத இடம் தருகிறது, செவனிங் கேட்கும் வேலை அனுபவத்துக்கு வழிசெய்கிறது. இவை எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்றும் உண்டு.

அது எழுத்து மாதிரி. அமெரிக்கத் துறைகள் பதினைந்து இருபது பக்கங்களில் ஒரு ஆய்வுக் கட்டுரை கேட்கின்றன; பிரிட்டனில் இரண்டாயிரம், மூவாயிரம் சொற்கள். விண்ணப்பத்தில் மதிப்பெண்ணைவிடக் கவனமாகப் படிக்கப்படுவது அதுதான். நம் இளங்கலையிலோ மாணவர் எழுதும் மிக நீண்ட பகுதி தேர்வுத் தாளின் பத்து மதிப்பெண் விடை. மூலநூலிலிருந்து மேற்கோள் எடுத்து, பிறர் கருத்தோடு வாதாடி, தன் கருத்தை நிலைநாட்டும் கட்டுரையை மூன்றாண்டில் ஒருமுறைகூட எழுதாமல் முதல் வகுப்பில் தேறிவிட முடியும். ஆகவே மூன்றாமாண்டு முடித்த கையோடு விண்ணப்பிப்பவர் இணையத்திலிருந்து திரட்டிய எதையாவது அனுப்புகிறார். நிராகரிப்புக் கடிதம் வந்த பின் மதிப்பெண் போதவில்லை என்று நினைத்துக்கொள்கிறார். இங்கே முதுகலை இறுதிப் பருவத்தில் எழுதும் ஆய்வேட்டின் ஓர் இயலைச் செப்பனிட்டால் நல்ல எழுத்து மாதிரி கிடைத்துவிடும்.

என்ன தலைப்பில் எழுதுவது என்று கேட்டால், நான் வேர்ட்ஸ்வொர்த்தைச் சொல்வதில்லை. அவரைப் பற்றி அவர் நாட்டவர்களே எழுதிக் குவித்திருக்கிறார்கள். எட்டயபுரத்தில் ஷெல்லிதாசன் என்று பெயர் சூட்டிக்கொண்ட இளைஞர் பாரதி 1908-இல் புதுச்சேரிக்கு வந்து பத்தாண்டு வாழ்ந்தார்; அந்தப் பத்தாண்டில் அவருக்குள் ஷெல்லி என்ன ஆனார் என்பது நம் மாணவர் தமிழிலும் ஆங்கிலத்திலும் மூலத்தைப் படித்து எழுதக்கூடிய கேள்வி. தேர்வுக் குழுவில் இருப்பவருக்கும் அது புதிதாக இருக்கும். ஆங்கில இலக்கியத்துக்கு விண்ணப்பிக்கும்போது தமிழ் தெரியும் என்பதை மறைக்க வேண்டிய குறையாக நினைக்கும் பழக்கம் நம் பிள்ளைகளிடம் இன்னும் இருக்கிறது. மைசூரில் ஆங்கில இலக்கியம் படித்த ஏ.கே. ராமானுஜன் சிகாகோவில் பெயர் பெற்றதில், சங்கப் பாடல்களை ஆங்கிலத்தில் தந்ததற்குப் பெரும்பங்கு உண்டு.

பரிந்துரைக் கடிதத்திலும் நம் பக்கத்துக் குறை ஒன்றுண்டு. இது ஆசிரியர்களாகிய எங்கள் குறை. மாணவரையே எழுதிக்கொண்டு வரச்சொல்லிக் கையெழுத்திடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. பணிவானவர், ஒழுக்கமானவர், வகுப்புக்குத் தவறாமல் வருபவர் என்று மூன்று கடிதங்களிலும் ஒரே சொற்கள் இருந்தால், நன்னடத்தைச் சான்றிதழ் மூன்று பிரதி என்றே அங்கே எடுத்துக்கொள்வார்கள். எந்தக் கட்டுரையில் என்ன வாதத்தை வைத்தார், கேள்வி கேட்டபோது எப்படி மாற்றிக்கொண்டார் என்று ஆசிரியர் எழுத வேண்டுமானால், அப்படி ஒரு கட்டுரையை மாணவர் முதலில் அவரிடம் கொடுத்திருக்க வேண்டும். கல்லூரியின் பெயரில் மின்னஞ்சல் முகவரி இல்லாத ஆசிரியரின் கடிதத்தைச் சில பல்கலைக்கழகங்கள் ஏற்பதில்லை என்பதால், அந்த முகவரிக்கு முதல்வர் அலுவலகத்தில் ஆறு மாதம் முன்பே சொல்லி வைக்க வேண்டும்.

திரும்பி வந்து தமிழ்நாட்டிலோ புதுச்சேரியிலோ கல்லூரி ஆசிரியராக நினைப்பவர் பட்டத்தின் ஏற்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பிரிட்டனின் ஓராண்டு முதுகலை நம் ஈராண்டு முதுகலைக்கு இணையா என்ற நெடுநாள் சந்தேகத்தை 2022 ஜூலையில் இரு நாட்டு அரசுகளும் செய்த உடன்பாடு தீர்த்தது. வெளிநாட்டுப் பட்டங்களுக்கு இணைச் சான்று வழங்கும் முறையைப் பல்கலைக்கழக மானியக் குழு 2025-இல் புதிய விதிகளாக வெளியிட்டது. ஆனாலும் முதுகலையோடு நின்றுவிட்டால் நெட் அல்லது செட் தேர்ச்சி இல்லாமல் உதவிப் பேராசிரியர் ஆக முடியாது. வெளிநாட்டில் முனைவர் பட்டம் பெற்றவர்களில், உலகத் தரவரிசையில் முதல் ஐந்நூற்றுக்குள் உள்ள பல்கலைக்கழகத்தில் அதைப் பெற்றவருக்கு மானியக் குழுவின் 2018 விதிகள் நெட்டிலிருந்து விலக்கு தருகின்றன. ஆசிரியப் பணியே இலக்கு என்றால், கடன் வாங்கிய வெளிநாட்டு முதுகலையைவிட, இங்கே முதுகலையும் நெட்டும் முடித்துவிட்டு அங்கே பணம் தரும் முனைவர் படிப்புக்குப் போவது எல்லா வகையிலும் மேல்.

நெல்லிக்குப்பத்து மாணவி கடைசியில் இந்த வழியைத்தான் எடுத்திருக்கிறார். மத்தியப் பல்கலைக்கழக முதுகலை நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பித்துவிட்டார். காலாப்பட்டு கிடைத்தால் அங்கே, இல்லையென்றால் சிதம்பரம். ஜெர்மனியை இரண்டாம் வாய்ப்பாக வைத்துக்கொண்டு, சனி ஞாயிறுகளில் புதுச்சேரிக்கு ஜெர்மன் வகுப்புக்குப் போகலாமா என்று யோசித்துவருகிறார். ஷெல்லிதாசன் கட்டுரையின் முதல் நான்கு பக்கங்களைப் போன வாரம் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டாம் பக்கத்தில் நல்ல வாதம் ஒன்று இருக்கிறது. மேற்கோள் காட்டும் முறை மட்டும் சரியில்லை என்று எழுதித் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.